அப்பாவின் ஈ.பீ.எஃப். காசைத் தொடாதீர்கள்

கொட்டகலைப் பக்கமிருந்து ஓர் அக்கா எழுதியிருந்தார். மகன் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) கணிதப் பிரிவில் மூன்று பாடமும் சாதாரண சித்தி. பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி எட்டவில்லை. கொழும்பில் இருக்கும் தாய்மாமா, தனியார் நிறுவனமொன்றில் வெளிநாட்டுக் கணினிப் பட்டத்துக்குச் சேர்த்துவிடச் சொல்கிறார். கணவர் அடுத்த வருடம் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். ஈ.பீ.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) வந்ததும் கட்டணம் கட்டலாம், அதுவரை நகையை அடகு வைக்கட்டுமா என்று கேட்கிறார். கடைசி வரியில், "இவனோ மீட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு லயத்து வரிசையில் வீடு வீடாகப் போய் கரண்ட் அளந்து கொப்பியில் எழுதுகிறான், பயமாக இருக்கிறது" என்றும் ஒரு குறை.

அக்கா, நகையை அடகு வைக்காதீர்கள். மாமா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் பார்ப்பது பட்டத்தை மட்டும். முதல் தவணைக்குப் பின்னால் போர்டிங், சாப்பாடு, லெப்டொப், பிரித்தானியப் பவுண் நாணயத்தில் கட்டும் பரீட்சைக் கட்டணம் என்று வரிசையாக வரும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது அப்படிப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பாதியில் நின்றதை நான் அறிவேன். அவர்களுக்குப் பட்டமும் கிடைக்கவில்லை, கட்டிய காசும் திரும்பவில்லை. ஓய்வுக்காலத்துக்கென்று ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த காசை, பிள்ளை கேட்கவே இல்லாத படிப்புக்குக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது.

அந்தக் கொப்பியின் பக்கங்களை மகனிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மாலை ஏழு மணிக்கு ட்ரான்ஸ்போமருக்குப் பக்கத்து வீட்டில் 227 வோல்ற், கடைசி லயத்துக் கடைசி வீட்டில் 191. கேத்தல் போட்டபோது எவ்வளவு இறங்கியது என்பதும் இருக்கிறது. வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்றில் இருந்து 6 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது ஏறக்குறைய 216க்கும் 244க்கும் இடையில் நிற்க வேண்டும். கடைசி வீட்டின் குறைபாட்டை உங்கள் மகன் எண்ணாலேயே பிடித்துவிட்டான். மின் விநியோகப் பராமரிப்பில் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலை இதுதான்.

இந்தத் தொழிலைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. "போஸ்ட் ஏறுற வேலை" என்று ஒதுக்கிவிடுகிறோம். மின்கம்பத்தில் ஏறுவது அதில் ஒரு பகுதி மட்டுமே. 33,000 வோல்ற்றில் வரும் லைனை ட்ரான்ஸ்போமர் 400க்கும் 230க்கும் இறக்கி ஹற்றன், நுவரெலியா போன்ற நகரங்களின் கடை, ஆஸ்பத்திரி, ஹோட்டல் எல்லாவற்றுக்கும் பிரிக்கிறது. அந்த வழியில் எங்கே கோளாறு வரப்போகிறது என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் பரிசோதகரின் திறமை. கம்பி இணைப்பு ஒன்று தளர்ந்தால் அங்கே தடை கூடும், சூடேறும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். அதனால் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் மாலை நேரத்தில், வெப்பத்தைப் படமாகக் காட்டும் கமராவோடு போகிறார்கள். கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும் இணைப்பு அதில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். ட்ரான்ஸ்போமர் எண்ணெயில் ஈரம் சேர்ந்திருக்கிறதா என்று மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். எர்த், அதாவது மின்சாரத்தை நிலத்துக்குள் இறக்கும் இணைப்பின் தடையை அளப்பார்கள். மலைநாட்டில் மண் ஆழமில்லாமல் பாறை வந்துவிடுவதால் நல்ல எர்த் கிடைப்பது கடினம். லைனைக் கம்பத்தில் படாமல் தாங்கும் இன்சுலேட்டர் மூடுபனியில் ஈரமாவதும், காற்றில் லைனில் உரசும் டர்பன்டைன் மரக்கிளையும் எங்கள் பக்கத்துத் தலைவலிகள். நகரில் நிலத்துக்கடியில் கேபிள் பழுதானால் தெரு முழுவதையும் தோண்டாமல் கருவியால் இடத்தைக் குறித்துக் கொடுப்பதே தனிக் கலை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் தொடங்கிய கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. இந்த வேலைக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

உயிர்ப்பயம் நியாயமானது. அதனால்தான் லைனை நிறுத்தி, பூட்டி, கரண்ட் இல்லை என்று கருவியால் சோதித்து, எர்த் போட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே கை வைக்கிறார்கள். நிறுத்திய லைனிலும் யாரோ வீட்டு ஜெனரேட்டரைத் தவறாக இணைத்தால் அது ட்ரான்ஸ்போமர் வழியாகத் திரும்பிப் போய் 33,000 ஆகிவிடும். பயிற்சி பெற்றவருக்கு இது தெரியும். அதுவரை மகன் வீட்டுக்குள் ப்ளக் பொயின்றில் அளப்பதோடு நிற்கட்டும். மெயின் போர்டைத் திறக்கக் கூடாது, போஸ்ட் பக்கம் போகவே கூடாது. இதில் நீங்கள் கண்டிப்பாக இருங்கள்.

செலவைப் பார்ப்போம். தொழிற்பயிற்சி அதிகார சபை, தொழினுட்பக் கல்லூரிகள், ஹற்றன் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் ஆகியவற்றில் மின் பாடநெறிகள் என்னென்ன, தமிழில் நடக்கிறதா, அடுத்த அனுமதி எப்போது என்று நேரில் போய்க் கேளுங்கள். அரச நிலையங்களில் பெரும்பாலும் இலவசம், இல்லையென்றால் சிறு தொகை. நைட்டா எனப்படும் அரச பயிலுனர் பயிற்சி அதிகார சபையில் பயிலுனராகச் சேர்ந்தால் வேலைத்தளத்திலேயே பழகலாம். என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) மட்டம் 4 எடுத்தவர் 5, 6 என்று டிப்ளோமாவுக்குப் போய் 7இல் பட்டமே வாங்கலாம். மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

மின்சார சபை வேலையை மட்டும் நம்பிப் படிக்க வேண்டாம். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தோடு சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. ஆட்சேர்ப்பு நினைத்த நேரத்தில் நடக்காது. ஆனால் லைன் இழுக்கும் ஒப்பந்தக்காரர்கள், சொந்த ட்ரான்ஸ்போமர் வைத்திருக்கும் தேயிலைத் தொழிற்சாலைகள், ஹோட்டல்கள், சிறு நீர்மின் நிலையங்கள், சூரிய மின்சாரக் கம்பனிகள் எல்லாவற்றுக்கும் இதே கைதான் வேண்டும். சபையில் வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அவர் அரசியல்வாதியின் ஆளாக இருந்தாலும் சரி.

சேர்வதற்கு முன் மகனின் கண்ணைப் பரிசோதியுங்கள், நிறம் பிரித்தறிய முடிய வேண்டும். சிங்களம் பேசப் பழகட்டும், வேலைக் குழுவில் உத்தரவு பெரும்பாலும் அந்த மொழியில்தான் வரும். எந்த நிலையமானாலும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.