ஆகஸ்ட் லீவில் திருகோணமலையில் இருந்து நெடுந்தீவு போகலாமா?

வயதான அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவுக்கு ஒரே நாளில் போய்வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே நாளில் முடியாது. அம்மா வருவதென்றால் ஆகஸ்டும் வேண்டாம், சித்திரை வருஷ லீவுக்குத் தள்ளிவையுங்கள்.

நம்மூர்க் கடலை வைத்து நெடுந்தீவுக் கடலைக் கணக்குப் போட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள். இங்கே திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை காற்று கரையில் இருந்து கடலுக்குப் போகும். அதனால் நிலாவெளியும் உப்புவெளியும் குளம் மாதிரிக் கிடக்கும், புறாத்தீவுக்குப் படகு ஓடும். அதே மாதங்களில் அங்கே சோளகக் காற்று. படகு ஏறும் குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவு தென்மேற்கே இருக்கிறது, காற்றும் தென்மேற்கில் இருந்துதான். போகும் வழி முழுக்கப் படகு அலையை முகத்தில் வாங்கிக்கொண்டு போகும். கொட்டியாரக் குடாவுக்குள் மூதூர் லோஞ்சில் போய்ப் பழகியவர்களுக்கும் இது வேறு கடல். காற்று கூடினால் படகையே நிறுத்திவிடுவார்கள். மாசி கடைசியில் இருந்து சித்திரை வரை கடல் அடங்கியிருக்கும். ஆகஸ்டில்தான் முடியும் என்றால் அம்மாவையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போங்கள், யாழ்ப்பாணத்தில் ஒரு நாளைக் கூடுதலாகக் கையில் வைத்திருங்கள்.

பயணம் இப்படி: முதல் நாள் ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக யாழ்ப்பாணம் பஸ். ஐந்தாறு மணித்தியாலம் பிடிக்கும். ரயிலை நினைக்கவே வேண்டாம், கல்ஓயா சந்தி, மாகோ என்று சுற்றவேண்டும். இரவு யாழ்ப்பாணத்தில் தங்கி, விடிய முதல் 776 பஸ்ஸில் வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் இறங்குதுறை. அந்தப் பஸ்ஸுக்கு ஒன்றரை மணித்தியாலம் வையுங்கள். காலைப் படகு 8 மணியை ஒட்டிப் புறப்படும், நேரம் மாறும். முதல் நாளே தங்குமிடத்தில் சொல்லித் துறைக்கு போன் எடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். அதே துறையில் இருந்துதான் நயினாதீவுப் படகும் போகிறது. வரிசை மாறி நின்றுவிட்டு, கடைசி நேரத்தில் ஓடுவோரைப் பார்க்கலாம். ஏறுமுன் கேளுங்கள். பெரிய ஆட்கள் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

கடலில் ஒரு மணித்தியாலம். கீழ்த்தட்டில் டீசல் மணமும் புழுக்கமும் சேர்ந்து சத்தி வரவைக்கும். ஆட்டம் குறைவான இடம் படகின் நடுப்பகுதி, அங்கே காற்றுப் படும் இருக்கையாகப் பாருங்கள். முன்பக்கம் பார்க்க அழகு, அலை தூக்கிப் போடுவதும் அங்கேதான். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ச் சாப்பாடும் கூடாது: இரண்டு இடியப்பம் போதும். சத்தி மாத்திரையை ஏறுவதற்கு அரை மணித்தியாலம் முன்பே போட்டால்தான் வேலை செய்யும். போனைப் பொலித்தீன் பையில் சுற்றுங்கள்.

இந்தப் படகுதான் அந்த ஊர்ச் சனத்தின் பஸ். ஆசிரியர், நோயாளி, அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர் எல்லாம் இதில்தான். ஆள் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இருப்பதால், நாம் பத்துப் பேர் முண்டியடித்து ஏறினால் கிளினிக் முடித்து வீடு திரும்பும் ஒரு கிழவி துறையில் நிற்பார். சனி ஞாயிறைத் தவிருங்கள், ஊர்க்காரரை முதலில் ஏறவிடுங்கள். குமுதினி என்ற படகின் பெயரும் காதில் விழும். 1985 மே 15 அன்று அந்தப் படகில் வைத்துப் பொதுமக்களை வெட்டிக் கொன்றார்கள். பிள்ளைகளுக்கு அதை முதலே சொல்லிக் கூட்டிப்போங்கள். அங்கே போய் வேடிக்கைக் கதையாக விசாரிக்க வேண்டாம்.

தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர், நடந்து தீராது. இறங்கியதும் ஓட்டோ பேசுங்கள்: மொத்தக் கூலி, போகும் இடங்கள், திரும்பும் படகுக்கு அரை மணித்தியாலம் முன்பே துறையில் விடுவது, மூன்றையும் ஏறுமுன். மதியச் சாப்பாட்டையும் அவரிடமே அப்போதே சொல்லிவையுங்கள். சாமான் எல்லாம் கடல் தாண்டி வருவதால், சொல்லாமல் 1 மணிக்குப் போனால் சோறு இருக்காது. நல்ல தண்ணீர் அங்கே அருமை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது, கூட அள்ளினால் கிணறு உவர்த்துவிடும். ஆளுக்கு மூன்று லீற்றர் கொண்டுபோங்கள், வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். காசு சில்லறைத் தாளாக இருக்கட்டும்.

தீவில் காட்டுக் குதிரைகள் உண்டு, அவற்றை வெயில் ஏறுமுன் முதலில் பாருங்கள். அவை மேயும் வெளி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. காய்ந்த மாதங்களில் அவை தண்ணீர்க் கரையில் கூடும். தண்ணீருக்கும் அவற்றுக்கும் நடுவே நீங்கள் நின்றால் குடிக்காமலே விலகிப்போய்விடும், அடுத்த தண்ணீர் எவ்வளவு தூரமோ. ஒரு பக்கமாகத் தள்ளி, அசையாமல் நில்லுங்கள். பாண், பிஸ்கட் கொடுக்கவே கூடாது. படத்துக்காக ஓட்டோவால் குதிரைகளைத் துரத்தச் சொல்வோர் உண்டு. குட்டி தாயை விட்டுப் பிரிவது அப்படித்தான்.

பிறகு பருத்த அடிமரமுள்ள பெருக்கு மரம் (பாவோபாப்), ஒல்லாந்தர் கோட்டை இடிபாடு, அந்தக் காலத்தில் புறா வளர்த்த புறாக்கூடு. வழியெல்லாம் முருகைக்கல் (பவளக்கல்) மதில்கள். சாந்து கிடையாது, ஒரு கல்லின் பள்ளத்தில் அடுத்த கல்லின் மேட்டைப் பொருத்தி அடுக்கியது. பிள்ளை ஏறி உட்கார்ந்தால் மேல்வரிசை சரியும், காலும் போகும், ஒருவருடைய வேலியும் போகும். நிழல் குறைவு, அம்மாவுக்குக் குடை.

பிற்பகல் படகு தவறினால் அன்றிரவு தீவில்தான். நேரத்துக்கு ஏறினாலும் யாழ்ப்பாணம் வர மாலையாகும், அன்றே திருகோணமலைக்கு இழுபடாதீர்கள். மறுநாள் காலை பஸ்ஸுக்கு இடம் பதிந்துவையுங்கள். சித்திரை வருஷத்தில் நின்றுகொண்டு வருவது அம்மாவால் முடியாது.