டிரம் பிரேக் பீட்டிலுக்கு முன்னால் டிஸ்க் போட கிட் வாங்கினால் போதுமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பனில் இருக்கிறேன். அப்பாவுடைய 1968 ஃபோக்ஸ்வாகன் பீட்டில், நான்கு வீலிலும் டிரம். குளூஃபிலிருந்து பைன்டவுனுக்கு ஃபீல்ட்ஸ் ஹில் இறங்கும்போது பாதி வழியில் பெடல் ஆழமாகப் போய்விடுகிறது. முன்னால் டிஸ்க் மாற்றலாமா? கிட் வாங்கி மாட்டினால் போதுமா?

பதில்:

மாற்றலாம். ஆனால் கிட்டோடு வேலை முடியாது. டிஸ்க்கும் பேட்டால் அதைக் கவ்வும் காலிப்பரும் கண்ணுக்குத் தெரியும் பாகங்கள். இந்த வேலையில் பெரும்பாலோர் கோட்டை விடுவது பெடலுக்கு முன்னால் இருந்து ஆயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில்தான்.

முதலில் இப்போதைய கோளாறு எது என்று பிரித்துப் பாருங்கள். இறக்கத்தில் பெடல் ஆழமாகப் போனால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். டிரம் சூடேறி வெளிப்பக்கமாக விரியும். உள்ளிருந்து அழுத்தும் ஷூ அதைத் தொட இன்னும் தூரம் போகவேண்டும். இல்லாவிட்டால் பழைய பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கும். பெடல் கல் மாதிரி நின்றும் வண்டி நிற்காவிட்டால் ஷூவின் மேல் ஒட்டிய லைனிங் சூட்டில் பிடிப்பை இழந்திருக்கிறது. டர்பன் காற்றில் ஈரம் அதிகம், பிரேக் ஆயிலோ ஈரத்தை உறிஞ்சும் பொருள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆகவே ஆயிலை மாற்றி, ஷூவை அட்ஜஸ்ட் செய்து, இரண்டாம் கியரில் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். நன்றாக இருக்கும் டிரம் பிரேக் இந்த வண்டியை நிறுத்தும். அதன்பிறகும் டிஸ்க் வேண்டுமென்றால் தாராளமாகப் போடுங்கள். 1966இல் வந்த பீட்டில் 1500க்கு ஐரோப்பாவில் தொழிற்சாலையே முன் டிஸ்க் கொடுத்தது. பின்னால் டிரம், மிதிக்கும் பலத்தைக் கூட்டும் சர்வோ கிடையாது. அதே அமைப்பைத்தான் நீங்களும் வைக்கப்போகிறீர்கள்.

கிட் வாங்குமுன் வண்டிக்கு அடியில் எட்டிப் பாருங்கள். ஜெர்மன் வண்டிகளில் 1965 வரை முன் அச்சு லிங்க் பின் வகை, 1966 மாடலிலிருந்து பால் ஜாயிண்ட். இங்கே யூட்டன்ஹேக்கில் கட்டிய வண்டிகளுக்கு அந்த ஆண்டுக் கணக்கை நம்பி ஆர்டர் போடாதீர்கள். அறுபது வருட வண்டியில் யார் எதை மாற்றினார்கள் என்று பேப்பரிலும் இருக்காது. அச்சுக் கையின் நுனியில் ரப்பர் உறை போட்ட குண்டு தெரிந்தால் பால் ஜாயிண்ட். கிரீஸ் நிப்பிளும் பின்னை இறுக்கும் குறுக்கு போல்ட்டும் தெரிந்தால் லிங்க் பின். ஒன்றின் கிட் மற்றதில் உட்காராது.

அடுத்து வீல் துளை. பழைய பீட்டிலுக்கு 205 மி.மீ. வட்டத்தில் 5 போல்ட், பிந்தியவற்றுக்கு 130 மி.மீ. வட்டத்தில் 4. முன்னால் 4, பின்னால் 5 என்று ஆகிவிட்டால் ஒரே ஸ்பேர் வீல் இரண்டுக்கும் சேராது. இரவில் பஞ்சர் ஆனால் நடுரோடுதான். பின் டிரம்மில் எத்தனை போல்ட்டோ அதே துளையுள்ள டிஸ்க்கை வாங்குங்கள். ரிம்முக்கும் காலிப்பருக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். காலிப்பர் முதுகில் களிமண் உருண்டை ஒட்டி வீலைக் கையால் சுற்றினால் எங்கே உரசுகிறது என்று களிமண்ணே காட்டும்.

டிஸ்க், காலிப்பர், பேட் இவற்றோடு கூட வாங்க வேண்டியவை: காலிப்பர் தாங்கியோ டிஸ்க்குக்கான ஸ்பிண்டிலோ (வீல் சுழலும் தண்டு), உள் வெளி வீல் பேரிங் இரு பக்கத்துக்கும், கிரீஸ் சீல் 2, முன் ஹோஸ் 2, டிஸ்க்குக்குரிய இரட்டைச் சுற்று (முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிக் குழாய்வழி) மாஸ்டர் சிலிண்டர், டாட் 4 ஆயில் 1 லிட்டர். இரும்புக் குழாய் துருவேறியிருந்தால் 4.75 மி.மீ. செம்பு நிக்கல் குழாய் போடுங்கள், கடல் உப்புக் காற்றுக்கு அதுதான் தாங்கும். இணைப்பு மரை எம்10, 1 மி.மீ. புரி, குழாய் நுனியைக் குமிழ் வடிவில் விரிக்கவேண்டும். பிரிட்டிஷ் வண்டிக்குச் செய்வதுபோல இரட்டை மடிப்பு மடித்தால் கசியும்.

இப்போது மாஸ்டர் சிலிண்டர். டிரம் வண்டியில் இதற்குள்ளோ இதன் வெளிவாயிலிலோ ஒரு சின்ன வால்வு இருக்கும். காலை எடுத்தபிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை அது பிடித்து வைக்கும். டிரம்முக்கு அது தேவை: வீல் சிலிண்டரின் ரப்பர் விளிம்பை விரித்து வைத்து, காற்று உள்ளே புகாமல் காக்கும். ஷூவை இழுத்துக்கொள்ள ஸ்பிரிங் இருப்பதால் அந்த அழுத்தம் அங்கே தொல்லை தராது. டிஸ்க்கில் ஸ்பிரிங் இல்லை. காலிப்பருக்குள் பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர ரப்பர் வளையம் முறுக்கு விட்டுத் திரும்பும்போது பேட்டை மயிரிழை அளவுதான் பின்னால் இழுக்கும். மிச்ச அழுத்தம் இருந்தால் பேட் டிஸ்க்கை விடாது. தேய்ந்துகொண்டே ஓடும், சூடேறும், கடைசியில் ஆயிலும் கொதிக்கும். எதைத் தீர்க்க டிஸ்க் போட்டீர்களோ அதுவே திரும்பி வரும். பழைய ஒற்றைச் சுற்று சிலிண்டரையே வைத்துக்கொண்டால் இந்த வால்வும் நீங்காது, ஒரு குழாய் வெடித்தால் நான்கு வீலும் போகும் ஆபத்தும் அப்படியே நிற்கும். மாற்றிவிடுங்கள். பிரேக் லைட் சுவிட்ச் இதில்தான் திருகியிருக்கிறது, அதையும் இடம் மாற்ற மறக்காதீர்கள்.

புதிய சிலிண்டரை மாட்டியதும் பெடல் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே 1 மி.மீ. இடைவெளி விடுங்கள். விடாவிட்டால் பிஸ்டன் முழுதும் பின்வாங்காது. உள்ளே ஆயில் திரும்பும் ஊசித்துளை மூடியே கிடக்கும். ஓட்ட ஓட்ட பிரேக் தானாக இறுகும். பெடலைக் கையால் மெல்ல அழுத்தினால், ஒரு சின்ன அசைவுக்குப் பிறகுதான் எதிர்ப்பு தட்டவேண்டும்.

வீல் பிடித்துக்கொண்டால் குற்றவாளியைக் கண்டுபிடிப்பது எளிது. ஜாக்கியில் தூக்கி, காலிப்பரில் காற்றை வெளியேற்றும் நிப்பிளை அரைச் சுற்று திறவுங்கள். ஆயில் பீய்ச்சி அடித்து வீல் விடுபட்டால் குழாயில் அழுத்தம் நிற்கிறது: வால்வு, தண்டு, அல்லது உள்ளே வீங்கி அடைத்த ஹோஸ். மாஸ்டர் சிலிண்டர் பக்கத்து இணைப்பைத் தளர்த்தினாலே விடுபட்டால் ஹோஸ் அல்ல. நிப்பிளைத் திறந்தும் விடாவிட்டால் காலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்து மாட்டியிருக்கிறது.

மாட்டும் வேலையில் சில எச்சரிக்கைகள். பழைய ஷூ லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் நனைத்துத் துடையுங்கள். இடது ஸ்பிண்டில் நட்டு இடது மரை, எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். ஸ்பீடோ கேபிள் ஒரு முன்வீல் ஹப்பின் நடு வழியாக வருகிறது, கிளிப்பை எடுத்துவிட்டு ஹப்பை இழுங்கள். புதிய டிஸ்க்கின் மேல் இருக்கும் காப்பு எண்ணெயை மெத்திலேட்டட் ஸ்பிரிட்ஸால் இரண்டு முறை துடையுங்கள்.

பேரிங்கின் முன்பின் அசைவு 0.03 முதல் 0.12 மி.மீ. வரை இருக்கவேண்டும். டயல் கேஜ் இல்லையென்றால், நட்டுக்குப் பின்னால் உள்ள வாஷரை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தள்ளும்போது அது சற்றே நகரவேண்டும். டிரம்மில் இந்த அசைவு கொஞ்சம் கூடினாலும் பிரேக் பிடித்துவிடும். டிஸ்க்கில் கூடினால் வளைவில் டிஸ்க் ஆடிப் பேட்டைப் பின்னால் தள்ளும், அடுத்த மிதி வெறுமையாகப் போகும். மாற்றிய பிறகு பெடல் ஆழம் என்று புலம்புகிறவர்களில் பலருக்குக் காரணம் இதுதான், காற்று அல்ல.

காலிப்பரின் காற்று நிப்பிள் மேல் பக்கம் நிற்கவேண்டும். இடது வலது மாறிப்போனால் நிப்பிள் கீழே வரும். எத்தனை லிட்டர் ஊற்றினாலும் மேலே தங்கிய காற்று போகாது. ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, ஹோஸ் டயரிலோ உடலிலோ உரசாமல் இருக்கிறதா என்று வீல் தொங்கும்போதும் தரையில் நிற்கும்போதும் பாருங்கள்.

காற்று எடுக்கும் வரிசை நம் வலதுபக்க ஸ்டியரிங் வண்டிக்கு: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. சிலிகான் ஆயிலான டாட் 5ஐப் பழைய ஆயிலோடு கலக்கவே கூடாது. முடிந்ததும் பெடலை ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடியுங்கள். மெதுவாக இறங்கினால் எங்கோ கசிகிறது, வண்டியை எடுக்காதீர்கள்.

மிதிக்க முன்பைவிடக் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தால் பயப்படவேண்டாம். டிரம்மில் முன்னோக்கிய ஷூவைச் சுழற்சியே உள்ளே இழுத்து உதவும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. அதற்காகப் பெரிய துளை மாஸ்டர் சிலிண்டர் போட்டுவிடாதீர்கள். பெடல் குட்டையாகும், ஆனால் மிதி இன்னும் கனமாகும்.

ஆளில்லாத இடத்தில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10க்கு, நடுவில் ஆறவிட்டு, ஒரு பத்து முறை மெதுவாக நிறுத்திப் பேட்டைப் படியவிடுங்கள். பிறகு நனைந்த காலி மைதானத்தில் 30 கி.மீ. வேகத்தில் நேராக ஓடி அழுத்தி மிதியுங்கள். முன் வீல்தான் முதலில் பூட்டவேண்டும். பீட்டிலில் எஞ்சின் பின்னால் இருக்கிறது. பின் வீல் முந்தினால் வால் சுற்றி முன்னே வரும். அப்படி ஆனால் சாலைக்கு எடுக்காமல் பின் வீல் சிலிண்டர் அளவை டிஸ்க் மாடலுக்கு ஏற்ப மாற்றுங்கள்.

மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வண்டி சாலைக்குத் தகுதியா என்று பார்க்கும் ரோட்வர்த்தி சோதனை நிலையத்தில் பிரேக் ரோலரில் ஏற்றினால் இடது வலது வித்தியாசம் எண்ணாகவே கிடைக்கும். 100 கி.மீ. ஓடியதும் காலிப்பர் போல்ட், வீல் போல்ட், இணைப்புகள் எல்லாவற்றிலும் மறுபடி ஸ்பானர் வையுங்கள். ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.