கதிர் பட்ட தாடையில் பல் பிடுங்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. கன்னத்தின் உட்பக்கத்தில் வந்த புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் முடிந்து எட்டு மாதம். இப்போது கீழ்க் கடைவாய்ப் பல்லில் நோ. ‘பக்கத்து டிஸ்பென்சரியில் பிடுங்கிப்போட்டு வாறன்’ என்கிறார். வாய் எந்நேரமும் காய்கிறது. முந்திய அளவு திறக்கவும் முடியவில்லை. வருத்தம் மாறிவிட்டதென்று கடைசி இரண்டு கிளினிக்குக்கும் போகவில்லை.
– வாசகி, சுன்னாகம்

பதில்: பிள்ளை, முதலில் அப்பாவை மறியுங்கள். அந்தப் பல்லை அங்கே பிடுங்கக் கூடாது.

முப்பது வருடம் பல் வைத்தியராக இருந்தவள் நான். வேலைக்கு வந்த புதிதில் ஓர் ஐயா இதே மாதிரிக் கீழ்ப்பல் நோவோடு வந்தார். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிப்போய்க் கதிர் எடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆடிய பல், இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. குழி மட்டும் மூடவேயில்லை. ஆறாம் மாதம் தாடை எலும்பு வெளியே தெரிந்தது. அவர் முகம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கதிர் பட்ட எலும்பில் இரத்த ஓட்டம் குறைந்துவிடும். கீழ்த்தாடையில் அது இன்னும் மோசம். காயம் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். வருடங்கள் கழிந்தாலும் இந்த ஆபத்து விடாது. அதனால் வேர்ச் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றத்தான் முதலில் பார்ப்பார்கள். எடுத்தே ஆகவேண்டுமென்றால், எந்த இடத்தில் எவ்வளவு கதிர் கொடுத்தார்கள் என்று பார்த்து, வாய், முகச் சத்திரசிகிச்சை நிபுணர்தான் எடுக்கவேண்டும்.

அது பல் நோதானா என்பதையும் பார்க்கவேண்டும். வாய் திறப்புக் குறைவது பெரும்பாலும் கதிரால் தசை இறுகுவதால்தான். ஆனால் நோய் திரும்பினாலும் நோவும் இறுக்கமும் வரும். திரும்புவது அதிகமும் முதல் இரண்டு வருடத்துக்குள். முதல் வருடத்தில் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுவது இதற்காகத்தான். மாறிவிட்டதா என்பதை வாயையும் கழுத்தையும் தடவிப் பார்க்கிற வைத்தியர் சொல்லட்டும். கழுத்திலும் கதிர் பட்டிருந்தால் அங்குள்ள தைரொயிட் சுரப்பிக்கு இரத்தம் சோதிக்கவும் கேளுங்கள்.

இறுக்கம் கதிரால்தான் என்று அவர்கள் சொன்னால், வாய்ப் பயிற்சி காட்டித் தருவார்கள். ஐஸ்கிறீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, நாளுக்கு நாலைந்து தரம், சில நாளுக்கொரு குச்சியாகக் கூட்டுவது. மூன்று விரல் நிமிர்ந்து நுழைந்தால் நல்ல திறப்பு.

எச்சில் இல்லாத வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும். ஃபுளோரைட் பற்பசை கட்டாயம். ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்துக் கொப்பளிக்கட்டும். புட்டைச் சொதி விட்டு நன்றாகக் குழைத்துக் கொடுங்கள், மிளகாய் வேண்டாம்.

வெற்றிலை பற்றி நீங்கள் எழுதவில்லை. புகையிலை சேர்க்காமல் போட்டால் பாதகமில்லை என்று நம்புகிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய. பாக்கே புற்றுநோயைக் கொண்டுவரும் பொருள். வீட்டில் பாக்கு வைத்திருக்காதீர்கள்.

இப்போது தெல்லிப்பளையில், 2013இல் திறந்த புற்றுநோய் ஆஸ்பத்திரி கிட்டவே இருக்கிறது. அடுத்த கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காமல், கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே கூட்டிப்போங்கள். நோவு எந்த நாளில் தொடங்கியது என்று அதில் எழுதி வையுங்கள். அப்பா அங்கே போய் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் சொல்வார்.