புதுப் பியானோ என்று பழையதைத் தலையில் கட்டிவிட்டார்கள்: வழக்குப் போடலாமா?

கேள்வி: மதுரை கே.கே. நகரில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். ஏழு மாதம் முன்பு சென்னையில் ஒரு கடையில் இரண்டு அப்ரைட் பியானோக்களை வாசித்துப் பார்த்தேன். ஒன்று ரூ.2,60,000, மற்றது ரூ.3,45,000. "அதில் ஒட்டுப்பலகை, சத்தம் தட்டையா வரும். இது புதுசு, உள்ளே சத்தத்தைக் கூட்டித் தரும் ஒலிப்பலகை முழு ஸ்ப்ரூஸ் மரம்" என்றார் கடைக்காரர். வாட்ஸ்அப்பிலும் அதையே எழுதி அனுப்பினார். நம்பி, கடன் வாங்கி இரண்டாவதை எடுத்தேன். போன வாரம் சுருதி சேர்க்க வந்த டியூனர், இது பாலிஷ் போட்ட பழைய பியானோ, ஒலிப்பலகையும் ஒட்டுப்பலகைதான் என்கிறார். கடையில் கேட்டால், "வாசிச்சுப் பார்த்துத்தானே வாங்கினீங்க? சத்தம் அவங்கவங்க காதைப் பொறுத்தது" என்கிறார்கள்.

பதில்: கடைக்காரர் சொல்வதில் பாதி சரி, அம்மா. சத்தம் பிடிக்கவில்லை என்று எந்த நுகர்வோர் ஆணையத்திலும் ஜெயிக்க முடியாது. எனக்குச் சுருதிப் பெட்டியைத் தாண்டி இசை தெரியாது. தீர்ப்பு எழுதுகிறவருக்கும் அப்படித்தான் இருக்கும். தவிர, இடம் மாறி வந்த பியானோ நம் ஊர் வெயிலில் சுருதி இறங்குவது இயல்பு. அதைக் குறைபாடு என்று எழுதினால் எதிர்த்தரப்புக்கு நீங்களே பிடி கொடுத்தது போலாகும்.

ஆனால் உங்கள் வழக்கு சத்தத்தைப் பற்றியதே இல்லை. ரூ.85,000 கூடுதலாக ஏன் கொடுத்தீர்கள்? அவர் இரண்டு காரணம் சொன்னார்: புதுசு, முழு மரம். இரண்டும் யார் காதையும் பொறுத்தவை அல்ல. மேல்மூடியைத் தூக்கினால் இரும்புச் சட்டத்தில் வரிசை எண் இருக்கும். அதை வைத்து எந்த ஆண்டில் செய்தது என்று தயாரிப்பாளரிடமே கேட்கலாம். பலகை எது என்பதைப் பின்பக்கம் பார்த்துச் சொல்ல விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பழையதைப் புதுசு என்று விற்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பிரிவு 2(47) பார்க்கவும்.

"வாசிச்சுப் பார்த்தீங்களே" என்ற வாதத்துக்கு வருவோம். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில், வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறையைப் பிறகு சொல்ல முடியாது என்று இருக்கிறது. அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். கட்டைகளை அழுத்தி வாசித்தால் பியானோவின் வயதும் பலகையின் வகையும் தெரிந்துவிடுமா என்ன? மேலும், விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பது அதே சட்டத்தில் தனி விதி.

வகுப்பு எடுப்பதால் இது வணிகம், நீங்கள் நுகர்வோரே இல்லை என்றும் ஒரு வாதம் வரலாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியதை வணிகம் என்ற கணக்கிலிருந்து சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. பயம் வேண்டாம்.

கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. பொருளைச் சோதிக்க வேண்டிய வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் அதைவிட இழுக்கும், தயாராக இருங்கள்.

முதலில் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ். பியானோவை அவர்கள் செலவில் எடுத்துக்கொண்டு முழுப் பணத்தைத் தரக் கேளுங்கள். வைத்துக்கொள்ள மனமிருந்தால் விலை வித்தியாசத்தையும் நஷ்ட ஈட்டையும் கேட்கலாம். வகுப்பு நின்றுபோகும் என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

விவகாரம் முடியும்வரை கம்பி மாற்றுவது, பலகையில் கை வைப்பது எதுவும் வேண்டாம். வாட்ஸ்அப் உரையாடல் இருக்கும் போனை விற்காதீர்கள். டியூனர் வாயால் சொன்னது போதாது. வரிசை எண், பார்த்த தேதி, பலகையின் நிலை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். சாட்சி சொல்லத் தயங்குவார் என்று தோன்றினால் இப்போதே வேறொரு டியூனரையும் அழைத்துக் காட்டிவிடுங்கள்.

இனிமேல்தான் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: இரண்டு பியானோவிலும் ஒரே பாட்டை வாசித்துப் போனில் பதிந்துகொள்ளுங்கள். அப்புறம், பில்லில் வெறும் மாடல் பெயர் போதாது. வரிசை எண், செய்த ஆண்டு, புதுசா பழசா, பலகை என்ன மரம் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.