சமரசமா, நடுவர் தீர்ப்பா?

கேள்வி: நண்பரோடு கூட்டாக நடத்தும் தொழிலில், இலாபப் பங்கு குறித்துப் பிணக்கு ஏற்பட்டுள்ளது. சமரசம் பேசலாம் என்கிறார் அவர். நடுவரிடம் ஒப்படைப்பதே மேல் என்கிறார் எங்கள் கணக்காளர். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: முதலில் உங்கள் கூட்டு ஒப்பந்தத்தைப் படியுங்கள். பிணக்கு எழுந்தால் நடுவரிடமே, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே இருவரும் அமர்த்தும் தீர்ப்பாளரிடமே, செல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருக்கக்கூடும். அப்படி இருந்தாலும், இருவரும் இசைந்தால் முன்னதாகச் சமரசம் பேசத் தடையில்லை.

இருவரையும் பேசவைத்து உடன்பாட்டுக்குக் கொண்டுவர முயலும் சமரசருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. அவர் இருவரையும் சேர்த்தும் தனித்தனியாகவும் சந்திப்பார். தனியே சொன்னதை உங்கள் அனுமதியின்றி மற்றவரிடம் வெளியிடமாட்டார். எந்தக் கட்டத்திலும் நீங்கள் விலகிக்கொள்ளலாம். உடன்பாட்டில் கையெழுத்திட்ட பிறகே அது இருவரையும் கட்டுப்படுத்தும். தொழிலைப் பிரித்துக்கொள்வது, தவணையில் பணம் தருவது போன்ற, தீர்ப்பில் எளிதில் பெற முடியாத ஏற்பாடுகளும் இதில் சாத்தியம்.

நடுவர் முறைக்கு இசைந்துவிட்டால் ஒருவர் மட்டும் பின்வாங்க முடியாது. ஆவணங்களையும் சாட்சியங்களையும் ஆராய்ந்து நடுவர் தரும் தீர்ப்பு இறுதியானது. அவர் கணக்கைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்பதற்காக மட்டும் மேல்முறையீடு செய்யப் பெரும்பாலான நாடுகளில் வழியில்லை; உரிய அறிவிப்புத் தராதது, அதிகார வரம்பை மீறியது, பாரபட்சம் காட்டியது போன்ற குறுகிய காரணங்களுக்காகவே தீர்ப்பை ரத்துசெய்யக் கோரலாம். பலர் இதைத் தோற்ற பின்னரே அறிகிறார்கள். நடுவரின் கட்டணமும் உங்கள் இருவர் தலையில்தான். மறுபுறம், எதிர்த்தரப்பின் சொத்து வேறு நாட்டில் இருந்தால் நடுவர் தீர்ப்புக்கே வலு அதிகம். 1958 நியூயார்க் உடன்படிக்கையின்படி பெரும்பாலான நாடுகளில் அதை நிறைவேற்ற முடியும். சமரச உடன்பாடுகளுக்காக 2019இல் கையெழுத்தான சிங்கப்பூர் உடன்படிக்கையில் இன்னும் அத்தனை நாடுகள் சேரவில்லை.

கணக்குப் புத்தகங்கள் இருவர் பார்வைக்கும் திறந்திருந்து, பங்கின் அளவில் மட்டுமே கருத்து வேறுபாடு என்றால், நண்பர் சொல்வதே சரி. அவர் கணக்கையே காட்ட மறுக்கிறார் என்றால் சமரசப் பேச்சில் காலம்தான் கரையும், ஏனெனில் ஆவணத்தைக் கொண்டுவரும்படி கட்டளையிடச் சமரசரால் இயலாது. அந்த நிலையில் கணக்காளர் சொல்வதைக் கேளுங்கள்.

முதலில் சமரசம், முடியாவிட்டால் நடுவர் என்றும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் இரண்டுக்கும் ஒரே நபரை அமர்த்தாதீர்கள். பின்னாளில் தீர்ப்பளிக்கப் போகிறவரிடம் யாரும் மனம் திறந்து பேசமாட்டார்கள். பேச்சு நடக்கும்போது சட்டக் காலவரையறை தானாக நின்றுவிடும் என்றும் நம்ப வேண்டாம். தொடங்கும் முன்பே வழக்கறிஞரிடம் கேட்டு, உரிமை கோருவதற்கான கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.