வீடு வரும் முன்னே, புகையிரதம் வரும் பின்னே

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற நகரத் திட்டமிடல் பொறியியலாளர் ஒருவர் அளிக்கும் பதில்கள்

(அவுஸ்திரேலியாவின் புதிய புறநகர்களில் பிள்ளைகளைக் குடியமர்த்திய பெற்றோரிடமிருந்து அண்மையில் பல கடிதங்கள் வந்திருந்தன. அவற்றுள் சிலவற்றை ஒன்றாகச் சேர்த்து இவ்விதழில் பதில் தருகிறோம்.)

வெள்ளவத்தை வாசகி: ஐயா, என் மகன் மெல்பேர்ண் நகருக்கு மேற்கே டார்னீட் என்னும் இடத்தில் காணி வாங்கிப் புது வீடு கட்டியிருக்கிறான். மூன்று மாதம் அங்கே நின்றுவிட்டு வந்தேன். நான்கு அறைகள், அகன்ற வீதி, அழகான பூங்கா எல்லாம் உண்டு. ஆனால் அவன் வேலைக்குப் போகும் புகையிரதத்தில் நிற்கவும் இடமில்லை. பேரன் படிப்பது தற்காலிக வகுப்பறையில். பால் வாங்குவதற்கும் கார் வேண்டும். எதையும் திட்டமிட்டுச் செய்யும் நாடு என்று நாம் நம்பிய இடத்தில் ஏன் இப்படி?

அம்மா, அங்கே திட்டம் இருக்கிறது. மெல்பேர்ணின் விளிம்பில் ஒரு வயலை வீட்டு நிலமாக மாற்றும் முன்பே, பள்ளிக்கூடம் எங்கே, கடைத்தெரு எங்கே, மழைநீர் ஓடும் பள்ளம் எங்கே என்று வரைபடத்தில் குறித்துவிடுகிறார்கள். வீதி, குடிநீர், கழிவுநீர்க் குழாய், மின்சாரம் ஆகியவை வந்து சேராமல் துண்டாக்கிய காணிக்கு உறுதிப் பத்திரமே கிடையாது. உங்கள் மகன் காணிக்கு முற்பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்திருப்பார். அந்தக் காத்திருப்பு பெரும்பாலும் நிலத்தடியில் நடக்கும் இந்த வேலைகளுக்கானது. ஆகவே குழாய் விடயத்தில் அவர்களைக் குறை சொல்ல என்னால் இயலாது. காணி விற்பவர் தம் செலவில் முடித்துக் கொடுக்க வேண்டியவை முதலில் வந்துவிடுகின்றன. அரசு வரவுசெலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கிச் செய்ய வேண்டியவை பிந்துகின்றன. நீங்கள் பட்ட சிரமம் இந்த வரிசையிலிருந்து பிறந்தது.

புகையிரதத்தையே எடுத்துக்கொள்வோம். டார்னீட் நிலையம் 2015 ஜூன் மாதத்தில் திறக்கப்பட்டது. அதைத் தாங்கிய பாதை, ஜீலோங் போன்ற வெளியூர்களிலிருந்து வரும் வண்டிகள் நகர வண்டிகளோடு சிக்கிக்கொள்ளாமல் மெல்பேர்ணை அடைவதற்காகப் போடப்பட்ட பாதை. அதாவது, மட்டக்களப்பிலிருந்து வரும் வண்டி கோட்டைக்குப் போகிற வழியில் ராகமையில் நின்று அலுவலக ஊழியர்களை ஏற்றிக்கொள்வது போன்ற ஏற்பாடு. ஜீலோங்கில் புறப்படும்போதே இருக்கைகள் நிரம்பத் தொடங்கிவிடும். டார்னீட்டில் ஏறுபவர் நின்றுகொண்டுதான் போக வேண்டும். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் டார்னீட்டில் மட்டும் 56,000 பேருக்கு மேல் இருந்தார்கள். இத்தனை பேருக்கு வெளியூர்ச் சேவை போதாது என்பதை மாநில அரசும் அறியும். 2018இல் அது அறிவித்த மேற்குப் புகையிரதத் திட்டத்தில், டார்னீட் வழியாக, அதற்கு அடுத்துள்ள விண்டம் வேல் வரைக்கும் மின்சாரப் புகையிரதம் ஓடும் என்ற வாக்குறுதி இருந்தது. இன்னமும் அங்கே ஓடுவது டீசல் வண்டிதான். அயலிலுள்ள கரோலைன் ஸ்பிரிங்ஸ் மக்களும் இதே பாட்டைப் பட்டவர்களே: அங்கே வீடுகள் 1990களின் இறுதியில் எழத் தொடங்கின, நிலையம் 2017இல் வந்தது. முதல் வீட்டில் தவழ்ந்த குழந்தை பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில்தான் அந்த ஊருக்குப் புகையிரதம் கிடைத்தது.

இதற்கான பணத்தைத் திரட்டும் வழியை அவர்கள் யோசிக்காமல் இல்லை. மெல்பேர்ண் எதுவரை பரவலாம் என்று 2002இல் ஓர் எல்லைக்கோடு வகுத்தார்கள். அந்தக் கோட்டை அகட்டும்போது, கோட்டுக்கு உள்ளே வரும் மேய்ச்சல் நிலத்தின் விலை ஒரே நாளில் பன்மடங்காகிறது. அந்தத் திடீர்ச் செல்வத்தில் ஒரு பங்கை ஊருக்குத் திருப்ப வேண்டும் என்ற எண்ணத்தில், 2010இல் வளர்ச்சிப் பகுதிக் காணிகளுக்கு ஹெக்டேயர் கணக்கில் ஒரு கட்டணம் விதித்தார்கள். அதில் பாதி பொதுப் போக்குவரத்துக்கும் மறுபாதி பிற சமூக வசதிகளுக்கும் போகிறது. நான் மனதார மதிக்கும் ஏற்பாடு இது. ஆயினும் ஒரு புகையிரதப் பாதையை மின்மயமாக்கும் செலவுக்கு முன்னால் அந்தத் தொகை சிறியது. மீதியைப் பொதுக் கருவூலம் தர வேண்டும், அங்கே டார்னீட்டோடு போட்டியிட ஐம்பது ஊர்கள் வரிசையில் நிற்கின்றன.

தற்காலிக வகுப்பறையைப் பற்றி உங்கள் மனதைக் கொஞ்சம் தேற்ற விரும்புகிறேன். புதுக் குடியிருப்பில் ஏறக்குறைய எல்லாத் தம்பதியரும் ஒரே வயதினர்; அவர்களின் பிள்ளைகளும் ஒரே காலத்தில் பள்ளிக்கு வருவார்கள், ஒரே காலத்தில் வெளியேறுவார்கள். அந்த உச்சத்துக்கு ஏற்ப நிரந்தரக் கட்டடம் கட்டினால் பதினைந்து ஆண்டுகளில் பாதி வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கும். கழற்றி வேறிடம் கொண்டுபோகக்கூடிய அறைகளை வைப்பது அதனால் அறிவுடைய செயலே. ஆனால் விளையாட்டு மைதானத்தை அடைத்துக்கொண்டு அவற்றை வைப்பது அறிவாகாது. பால் வாங்கும் கடையும் அப்படித்தான்: குறிப்பிட்ட அளவு வீடுகள் நிறையும்வரை எந்த வியாபாரியும் அங்கே கடை திறக்கத் துணிவதில்லை.

கொட்டாஞ்சேனை வாசகர்: திறன் அடிப்படையில் அவுஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். வீட்டு வாடகை ஏறியதற்கும் வீதி நெரிசலுக்கும் எங்களைப் போன்ற குடியேறிகளே காரணம் என்று அங்கே பேசுகிறார்களாம். மனம் கூசுகிறது. அது உண்மையா?

தம்பி, எண்ணிக்கையை முதலில் ஒளிவின்றிப் பார்த்துவிடுவோம். 2012க்கும் 2024க்கும் இடையிலான 12 ஆண்டுகளில் இலங்கையின் மக்கள்தொகை 2 கோடியே 3 இலட்சத்திலிருந்து 2 கோடியே 17 இலட்சமாக, அதாவது ஏறத்தாழ 14 இலட்சத்தால் கூடியது. அவுஸ்திரேலியா 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து மூன்றே ஆண்டுகளில் அதே அளவு மக்களைக் கூட்டிக்கொண்டது. 2022–23 நிதியாண்டில் மட்டும், வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்தால், 5 இலட்சத்துக்கும் அதிகமானோர் எஞ்சினர். இவ்வளவு வேகமாக மக்கள் வந்தால் வாடகை வீட்டுக்கு நெருக்கடி வரும்; அதை மறுத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லைகள் மூடப்பட்டன. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்குக் குடியேற்றம் நின்றே போயிற்று. குடியேறிகள்தான் விலையை ஏற்றுகிறார்கள் என்றால் அப்போது வீட்டு விலை விழுந்திருக்க வேண்டும். மாறாக, 2021இல் அது வெகுவாக உயர்ந்தது, ஏனெனில் மத்திய வங்கியின் வட்டி வீதம் 0.10 சதவீதத்துக்கு இறக்கப்பட்டு, கடன் மலிவாகக் கிடைத்தது. வெளியிலிருந்து எவரும் வராத காலத்திலேயே விலை ஏறியதென்றால், வட்டிக்கும் வரிச் சட்டத்துக்கும் கட்டுமானத் துறையின் ஆற்றலுக்கும் உள்ள பங்கை மறைத்துவிட்டு விமான நிலையத்தை மட்டும் சுட்டிக்காட்டுவது நியாயமாகாது.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே எத்தனை பேர் வரலாம் என்று தீர்மானிப்பது மத்திய அரசு. அவர்கள் கட்டும் வருமான வரியும் அதற்கே போகிறது. அவர்களுக்குப் புகையிரதமும் பள்ளியும் மருத்துவமனையும் தர வேண்டியது மாநில அரசு. உள்ளூர் வீதி, பூங்கா, நூலகம், குப்பை எல்லாம் நகரசபையின் தலையில். மெல்பேர்ண் அடங்கிய விக்டோரியா மாநிலத்தில் நகரசபைகள் தங்கள் ஆதன வரியை விரும்பியபடி உயர்த்தவும் முடியாது. 2016இலிருந்து அதற்கு ஆண்டுதோறும் உச்சவரம்பு உண்டு. டார்னீட் அடங்கிய விண்டம் நகரசபையில் 2021இலேயே 2 இலட்சத்து 90 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். விருந்துக்கு அழைப்பவர் ஒருவர், சமைப்பவர் ஒருவர், இலை போடுபவர் இன்னொருவர் என்று இருந்து, மூவரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளாவிட்டால், பந்தியில் உட்கார்ந்த விருந்தாளியின் மீது பழி விழுகிறது. 2024 ஜூலையிலிருந்து ஐந்து ஆண்டுகளில் 12 இலட்சம் வீடுகள் என்று மத்திய அரசும் மாநிலங்களும் இப்போது ஒரே இலக்கை ஏற்றிருக்கின்றன. அந்த வீடுகளைக் கட்டத் தச்சரும் மின்னிணைப்பாளரும் குழாய் பொருத்துநரும் வேண்டும். அவர்களிலும் பலர் உங்களைப் போலவே கடல் கடந்து வருபவர்கள்தாம். நீங்கள் மனம் கூச வேண்டியதில்லை.

தெஹிவளை வாசகர்: மகள் அங்கே வீடு வாங்கப் பண உதவி கேட்கிறாள். எதைப் பார்த்து வாங்கச் சொல்லலாம்?

பணம் கொடுப்பதா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். விற்பனை வரைபடத்தில் புள்ளிக்கோடாகக் காட்டப்படும் நிலையத்தையும் பள்ளியையும் கணக்கில் எடுக்க வேண்டாம். இன்று ஓடும் வண்டியையும் இன்று திறந்திருக்கும் பள்ளியையும் மட்டுமே கணக்கில் எடுக்கச் சொல்லுங்கள். வேலைநாள் ஒன்றில் காலை ஏழு மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் வரை ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். மெல்பேர்ணின் மேற்குச் சமவெளி எரிமலைக் குழம்பிலிருந்து உண்டான களிமண் நிலம். மழையில் வீங்கும், வெயிலில் சுருங்கும், அதற்கேற்ப அத்திவாரம் போடாவிட்டால் சுவர் வெடிக்கும். மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிய பின்னரே கட்டட ஒப்பந்தத்தில் கையொப்பமிடச் சொல்லுங்கள்.

பம்பலப்பிட்டி வாசகர்: அங்குள்ள கதை இருக்கட்டும். எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பம் இருந்த வீட்டை இடித்து ஒன்பது மாடி எழுப்பியிருக்கிறார்கள். மாலையில் குழாயில் நீர் ஏறுவதில்லை, மழை பெய்தால் கழிவுநீர் வீதிக்கு வருகிறது. நம்மிடம் ஏன் இந்தக் கணக்குகள் இல்லை?

உங்கள் கேள்வி என்னைச் சுடுகிறது, ஏனெனில் என் பணிக்காலம் முழுவதும் இதே கேள்வியோடுதான் வாழ்ந்தேன். கொழும்பின் கழிவுநீர்க் குழாய்களின் பழைய பகுதி நூறாண்டு கடந்தது. ஒவ்வொரு வளவிலும் ஒரு வீடும் தென்னைகளும் இருந்த நகருக்காக நிலத்தில் இறக்கப்பட்டது. அது சுமந்து வரும் கழிவு, வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குள் நீளும் குழாய்கள் வழியாகப் பல பத்தாண்டுகளாகப் போதிய சுத்திகரிப்பின்றியே வெளியேறி வந்திருக்கிறது. மெல்பேர்ண் 1890களில் நகருக்கு வெளியே வெரிபீயில் பெரும் நிலத்தை வாங்கி, கழிவுநீரை அங்கே கொண்டுபோய்ச் சுத்திகரிக்கத் தொடங்கியது. இன்றும் அந்நகரின் கழிவுநீரில் ஏறக்குறைய பாதி அங்கேதான் போகிறது. டார்னீட்டும் அந்த நிலமும் நகரின் அதே மேற்குப் புறத்தில்தான் இருக்கின்றன. முந்திய தலைமுறை ஒன்று தனக்குத் தேவையானதைவிடப் பெரிதாகச் சிந்தித்ததன் பயனை இன்று புதிதாகக் குடியேறும் நம் பிள்ளைகளும் அனுபவிக்கிறார்கள்.

இங்கே நமக்குச் சட்டம் இல்லாமலில்லை. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 1978இலும், தொடர்மாடி உரிமைச் சட்டம் 1973இலும் வந்துவிட்டன. அனுமதி கேட்கும் ஒவ்வொரு கட்டடத்தையும் தனித்தனியே பார்க்கிறோம். ஒரே ஒழுங்கையில் ஐந்து கட்டடங்கள் சேர்ந்தால் அந்த ஒரே குழாய் தாங்குமா என்று கூட்டிப் பார்ப்பதில்லை. பணியில் இருந்தபோது ஓர் ஒழுங்கைக்கு அப்படியொரு கணக்கைப் போட்டு, மூன்றாவது கட்டடத்துக்கு மேல் அனுமதி தரலாகாது என்று எழுதிக் கொடுத்தேன். கோப்பு திரும்பி வரவில்லை. ஐந்து கட்டடங்களும் வந்தன. மாலபேக்கும் கோட்டைக்கும் இடையே திட்டமிட்ட இலகு புகையிரதத்தை 2020இல் கைவிட்டபோதும் எனக்கு அதே வலி. டார்னீட்டில் புகையிரதம் பிந்துகிறது. இங்கே நாம் அதை வரிசையிலிருந்தே எடுத்துவிட்டோம்.

நீங்கள் இப்போது செய்யக்கூடியது ஒன்று உண்டு. அனுமதித்தபடியே கட்டப்பட்டது என்று உறுதிசெய்யும் இசைவுச் சான்றிதழ் அந்தக் கட்டடத்துக்கு வழங்கப்பட்டதா, கழிவுநீர் இணைப்புக்கு யார் அனுமதி தந்தார்கள் என்பவற்றை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்காமல் ஒழுங்கையில் உள்ளவர்கள் ஒன்றாகக் கையொப்பமிட்டுக் கேளுங்கள். அந்த ஒன்பது மாடியில் குடியிருப்போரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொங்கும் கழிவுநீரை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போவது அவர்களுந்தானே.

மட்டக்குளி வாசகி: நான் நிரந்தரமாக மகனோடு டார்னீட்டில் இருக்கப் போகிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டியதுதானா?

இல்லை அம்மா. போன முதல் வாரத்திலேயே வீட்டிலிருந்து பஸ் தரிப்பிடத்துக்கு நடந்து பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டார்னீட்டில் முன்னாள் பிரதமர் ஜூலியா கிலார்டின் பெயரில் நல்ல பொது நூலகம் ஒன்று உண்டு. உள்ளே போக எவருக்கும் கட்டணமில்லை. டார்னீட் நிலையத்தில் நகரை நோக்கி ஏறினால் சன்ஷைன் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து சிறிது தூரத்தில், சன்ஷைன் நோர்த்தில், முருகன் கோயில் இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களின் நெரிசல் தணிந்த பிறகு, காலை பத்து மணியளவில் ஏறுங்கள். அப்போது உட்கார இடம் கிடைக்கும்.