மண்ணைக் கேளுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தொழுவுரம் மட்டும் போடும் வயல், யூரியா போடும் வயல் இரண்டிலும் பாக்டீரியாவை எண்ணிப் பார்க்கிறேன். மண் கரைசல் உள்ள ஒரே சோதனைக் குழாயிலிருந்து எடுத்துத் தடவிய மூன்று அகார் தட்டுகளில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்த் தட்டு) ஒன்றில் 40 காலனி (கண்ணுக்குத் தெரியும் பாக்டீரியாக் கூட்டம்), இன்னொன்றில் 190, மூன்றாவதில் ஒரே படலம். எங்கே தவறு? – கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: படலத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஈரம்தான். மூடியில் கோத்த நீர் அகாரில் சொட்டினால், நகரும் பாசில்லஸ் இனங்கள் அதிலேயே தட்டு முழுக்கப் பரவிவிடும். தட்டுகளை முந்தின நாளே ஊற்றி, இரவு முழுக்கக் கவிழ்த்து வைத்து உலரவிடுங்கள். தடவிய கரைசலை அகார் உறிஞ்சியதும் மறுபடி கவிழ்த்து 28 டிகிரியில் வையுங்கள்.

40, 190 என்ற தாறுமாறு, சரியாகக் கலக்காததால் வருவது. பாக்டீரியா களிமண் துகளோடு ஒட்டியே இருக்கும். துகள் அடியில் படிந்தால் அதுவும் கூடவே படியும். 10 கிராம் மண்ணை 90 மில்லி கிருமி நீக்கிய நீரில் 20 நிமிடம் குலுக்கி, படியவிடாமல் 1 மில்லி எடுத்து 9 மில்லி நீரில் விடுங்கள். ஒவ்வொரு படியிலும் கரைசல் பத்து மடங்கு நீர்க்கும். அடுத்தடுத்த குழாய்களுக்கும் இதே முறை: எடுக்கும் முன் கலக்க வேண்டும், தடவும் முன்பும் கலக்க வேண்டும். குழாய்க்குக் குழாய் பிப்பெட்டை (கரைசலை உறிஞ்சி எடுக்கும் அளவுக் குழல்) மாற்றுங்கள். அதன் உட்சுவரில் ஒட்டிய அடர்ந்த கரைசல் கணக்கை ஏற்றிவிடும்.

30 முதல் 300 காலனி உள்ள தட்டுகளை மட்டும் எண்ணுங்கள். லட்சம் மடங்கு நீர்த்த குழாயிலிருந்து 0.1 மில்லி தடவி 84 காலனி வந்தால், ஈரமண் கிராமுக்கு 8.4 கோடி. அந்த ஈரமண்ணின் எடையில் 20 சதவீதம் ஈரம் இருந்தால் 0.8ஆல் வகுங்கள்: உலர்மண் கிராமுக்கு 10.5 கோடி. இதை விட்டால், நேற்றுத் தண்ணீர் பாய்ந்த வயலின் எண்ணிக்கை குறைவாகத் தெரியும். ஈரம் அறிய, மண்ணை 105 டிகிரியில் 24 மணி நேரம் காயவைத்து எடை பாருங்கள்.

ஆனால் எண்ணிக்கை கூடிய மண்தான் நல்ல மண் என்று எழுதிவிடாதீர்கள். மண்ணில் உள்ளதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் தட்டில் வளரும். அம்மோனியாவைத் தின்று வாழும் நைட்ரோசோமோனாஸ் சாதாரண அகாரில் தலைகாட்டாது. மழை மண்வாசனை தரும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் சுண்ணாம்புப் பொடி பூசினாற்போல், அகாரைக் கவ்விக்கொண்டு தாமதமாக எழும். மூன்றாம் நாளே தட்டை வீசிவிட்டால் அதைப் பார்க்கவே முடியாது. ஏழு நாள் பொறுங்கள். எந்தெந்த இனங்கள் இருக்கின்றன என்று அறிய 16எஸ் மரபணு (பாக்டீரியா இனத்தை அடையாளம் காட்டும் மரபணு) வரிசை பார்க்க வேண்டும். ஒப்பீட்டுக்கு, ஒரு வயலில் குறைந்தது மூன்று தனி மாதிரி, 15 செ.மீ. ஆழம் வரை, இரண்டு வயலிலும் ஒரே நாளில் எடுங்கள், வெயிலில் காயவைக்காதீர்கள்.

கேள்வி: உளுந்து விதையில் ரைசோபியம் (வேர்முடிச்சு பாக்டீரியா) கலந்தேன். வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? – விவசாயி, திருவாரூர்

பதில்: பூக்கும் சமயத்தில் செடியைப் பிடுங்காமல் மண்வெட்டியால் மண்ணோடு தோண்டுங்கள், பிடுங்கினால் முடிச்சு அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். வேரை நீரில் அலசி, முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து பிடிக்கிறது; வெள்ளையோ பச்சையோ என்றால் இல்லை. பூஞ்சாணக்கொல்லியையும் ரைசோபியத்தையும் ஒரே நேரத்தில் கலந்திருந்தாலோ, விதையை வெயிலில் உலர்த்தியிருந்தாலோ பாக்டீரியா செத்திருக்கும். மருந்து போட்டு 24 மணி நேரம் கழித்து, ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் குழைத்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி அன்றே விதையுங்கள்.